எடுவார்டோ சுப்லிசி: சட்டம் வந்தது, பணம் வரவில்லை

செனட் பிரியன்
பிரேசில் அரசியல்வாதி எடுவார்டோ சுப்லிசி, மத்தராசோ என்ற பணக்கார வம்சத்துப் பிள்ளை, தொழிலாளர் கட்சிக்கு எப்படி வந்தார் என்ற கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். புதிதாகப் படிக்கிறவர்கள், குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசு பணம் கொடுக்க அவர் எழுதிய 1991 மசோதாவிலிருந்து தொடங்குங்கள். 1990 தேர்தலில் சாவோ பாவுலோ மாநிலத்திலிருந்து செனட்டரான கையோடு கொண்டுவந்தது. கணக்கு இதுதான்: 25 வயது தாண்டியவரின் மாத வருமானம் 45,000 குருசேரோவுக்கு (அன்றைய பிரேசில் நாணயம்) எவ்வளவு குறைகிறதோ, அதில் 30 சதவீதத்தை அரசு கொடுக்கும். 20,000 சம்பாதிப்பவருக்குக் குறைவது 25,000. கைக்கு வருவது 7,500. அந்த டிசம்பரிலேயே செனட்டில் தேறியது, கீழவையில் தூங்கிப்போனது. எனக்கு இடிக்கும் இடம் ஒன்று: சம்பளச் சீட்டே இல்லாத தள்ளுவண்டிக்காரர் தன் வருமானத்தை எதைக் காட்டி நிரூபிப்பார்?

சட்டப்புள்ளி
அதற்குப் பதில் அவருடைய 2001 மசோதாவில் இருக்கிறது. வருமானச் சோதனையே கிடையாது, ஏழை பணக்காரர் எல்லாருக்கும் அரசு ஒரே தொகை தரும். 5 ஆண்டாவது குடியிருக்கும் வெளிநாட்டவருக்கும் உண்டு. செனட்டில் மசோதாவைப் பரிசீலித்த பிரான்செலினோ பெரைரா, அரசுச் செலவுக்குக் கடிவாளம் போடும் நிதிப் பொறுப்புச் சட்டத்தோடு முட்டாமலிருக்க ஒரு வழி சொன்னார்: படிப்படியாக, மிகவும் இல்லாதவர்களுக்கு முதலில். எவ்வளவு தொகை என்பதையும் அரசே முடிவு செய்யும். அந்த வரியைச் சேர்த்ததால் மசோதா தேறியது. அதே வரியைப் பிடித்துக்கொண்டு அடுத்தடுத்த அரசுகள் தள்ளிப்போட்டன.

அந்த மசோதாவில் அதிபர் லூலா 2004 ஜனவரி 8 அன்று கையெழுத்திட்டார், சட்ட எண் 10,835. மறுநாளே எண் 10,836, ஏழைக் குடும்பங்களுக்கு உதவித்தொகை தரும் போல்சா ஃபமிலியா திட்டம். அதில் அன்று நபர்வாரி வருமான வரம்பு இருந்தது, 6 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு 85 சதவீதப் பள்ளி வருகை, தடுப்பூசி என்ற நிபந்தனைகளும் இருந்தன. பணம் ஒதுக்கப்பட்டது இதற்குத்தான்.

வாக்குக்கணக்கு
தேர்தல் பக்கத்தையும் பாருங்கள். 1990, 1998, 2006, 2014 நான்கிலும் மாநிலத்துக்கு ஒரே செனட் இடம். முதல் மூன்றில் வென்றார், 2014இல் ஜோசே செர்ராவிடம் தோற்றார். இரண்டு இடம் காலியான 2018இலும் மூன்றாவதாகத்தான் வந்தார். நடுவில் 2016இல், 75 வயதில், சாவோ பாவுலோ நகரமன்றத்துக்கு இறங்கி 301,446 ஓட்டு. 2022இல் மாநிலப் பேரவைக்கு 807,015. ஓட்டுக்கு என்றும் பஞ்சமில்லை. ஆனால் 2002இல் அதிபர் வேட்பாளர் யார் என்ற உட்கட்சித் தேர்தலில் லூலாவை எதிர்த்து நின்று படுதோல்வி. கட்சி அவரைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தது என்பது என் கணிப்பு. 2009இல் செனட் மேடையிலிருந்து, லூலாவின் கூட்டாளியான அவைத் தலைவர் சார்னேயை நோக்கிச் சிவப்பு அட்டை காட்டினாரே, அப்படிப்பட்டவரை எந்தத் தலைமை பக்கத்தில் வைத்துக்கொள்ளும்?

சட்டப்புள்ளி
ஒன்று விட்டுப்போச்சு. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அந்த 10,835 சட்டத்தின் தொகையை 2022 முதல் நிர்ணயிக்கும்படி அரசிடம் சொன்னது. ஆனால் வறுமையில் இருப்போருக்கு மட்டும். "எல்லாருக்கும்" என்ற சொல் அங்கேயும் நழுவியது. சுப்லிசி அடிக்கடி உதாரணம் காட்டும் ரியோ மாநிலத்து மாரிக்கா ஊரின் உதவித்தொகைத் திட்டத்திலும் வருமான வரம்பு உண்டு. 2019 கடைசியில் அங்கே மாதம் 130 மும்புக்கா கொடுத்தார்கள். மும்புக்கா அந்த ஊரின் சொந்த நாணயம்; ஒரு மும்புக்கா ஒரு பிரேசில் ரியாலுக்குச் சமம், உள்ளூர்க் கடைகளில்தான் செல்லும்.