உரும்பிராய் வீட்டுக் கிணற்று றிப்போட்

(குழு: உரும்பிராய் குடும்பம், யாழ்ப்பாணம்)

வாணி: கிணற்றுத் தண்ணீர் றிப்போட் வந்துவிட்டது, படம் போட்டிருக்கிறேன். சின்னவனுக்குப் பால்மா கரைக்கிற தண்ணீர் என்பதால்தான் கொடுத்துப் பார்த்தேன்.

பெரியப்பா: பார்த்தேன் பிள்ளை. நைட்ரேட் லீற்றருக்கு 14 மில்லிகிராம் என்றுதானே இருக்கிறது. 50 வரைக்கும் பரவாயில்லை. பயப்படாதே.

கண்ணன்: பெரியப்பா, படத்தைப் பெருப்பித்துப் பாருங்கோ. அது நைட்ரேட்-நைட்ரஜன் கணக்கு, நைட்ரேட்டுக்குள் இருக்கிற நைட்ரஜனை மட்டும் நிறுத்த அளவு. அதற்கு எல்லை 11 தான். நைட்ரேட்டாக மாற்ற 4.4 ஆல் பெருக்க வேண்டும். 62 அளவில் வருகிறது.

பெரியப்பா: ஒரு தண்ணீருக்கு எதற்கு இரண்டு கணக்கு!

தேவி சித்தி: கொதித்தாறின தண்ணீரில்தானே பால் கரைக்கிறோம்?

வாணி: கிருமி சாகும் சித்தி, நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும். சாதாரண பில்டரிலும் போகாது. ஆர்.ஓ., அதுதான் மெல்லிய சவ்வுக்குள்ளால் தண்ணீரை அழுத்தி வடிக்கிற மெஷின், வேண்டும்.

தேவி சித்தி: நாங்கள் எல்லாரும் இதைக் குடித்துத்தானே வளர்ந்தோம்

வாணி: ஆறு மாதத்துக்குள் இருக்கிற, போத்தலில் பால்மா குடிக்கிற பிள்ளைகளுக்குத்தான் முதல் ஆபத்து. இரத்தத்தால் ஒட்சிசனைச் சரியாகக் கொண்டுபோக முடியாது, உதடும் நகமும் நீலம் பாரிக்கும். சின்னவனுக்கு இப்போது மூன்று மாதம்.

பெரியப்பா: சரி. இனி என் வெங்காயத் தோட்டத்து உரத்தில்தான் பழி விழும். மலசலகூடக் குழியை ஒருவரும் பேச மாட்டீர்கள்.

கண்ணன்: அதுவும் சேரும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வீடே இல்லாத தோட்டக் கிணறுகளிலும் நைட்ரேட் அதிகமாகத்தான் காட்டுகிறது. யூரியாவில் 46 வீதம் நைட்ரஜன். அது மண்ணில் நைட்ரேட்டாக மாறிய பிறகு செம்மண் பிடித்து வைக்காது. வெங்காய வேரோ மேலோடு நிற்கிறது. பாத்தி நிரம்ப விடுகிற தண்ணீர் வேரைத் தாண்டி உரத்தையும் கூட்டிக்கொண்டு இறங்கும். கீழே வெடிப்பு விழுந்த சுண்ணாம்புக்கல், அங்கே வடிகட்ட ஒன்றுமில்லை. நேரே கிணறுதான். பிறகு அதையே இறைத்து மேலும் உரம் போடுகிறோம்.

கண்ணன்: ஆறு ஓடுகிற ஊரென்றால் கொஞ்சம் கடலுக்காவது போகும். எங்களுக்கு இருப்பது வழுக்கியாறு, அதுவும் மாரியில் மட்டும்.

பெரியப்பா: அப்பு காலத்தில் கிணறு இறைக்கிற துலா மிதிக்க ஒருவன், தண்ணீர் அள்ளுகிற பட்டை பிடிக்க ஒருவன், பாத்திக்குத் திருப்பிவிட ஒருவன். முதுகு முறிய வந்த தண்ணீரை ஆர் வீணாக்குவான்? உரம் என்றால் பூவரசங்குழையும் சாணியும். இப்போது மோட்டரைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுகிறோம், நானும்தான்.

சுதா அக்கா (ஸ்காபரோ): 2021 இல் இலங்கை அரசாங்கம் இரசாயன உரத்தை நிறுத்தியதே, அப்போது தண்ணீர் திருந்தவில்லையா?

பெரியப்பா: மே மாதம் போட்ட தடையை நவம்பரில் எடுத்துவிட்டார்கள். அதற்குள் கிணறு எப்படித் திருந்தும்? கமக்காரன்தான் கடனில் விழுந்தான். அப்படி ஒரேயடியாக வெட்டுகிற கதையை என்னிடம் கொண்டுவராதேங்கோ.

கண்ணன்: வெட்டச் சொல்லவில்லை. ஒரே தடவையில் எறியாமல் பிரித்துப் போடுங்கோ. மழை இருட்டும்போது போடாதேங்கோ. தூவல் குழாய் போட்டால் இறைப்பும் குறையும். இறைப்பு கூடினால் உப்பும் ஏறும், எங்கள் நன்னீர் உவர்நீருக்கு மேல்தானே நிற்கிறது. நிலாவரைக் கிணற்றைப் பாருங்கோ, மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு.

பெரியப்பா: தூவல் குழாய்க்குக் காசு கனடாவிலிருந்து வருமோ?

சுதா அக்கா (ஸ்காபரோ): 😂 விலை கேட்டு எழுதுங்கோ பெரியப்பா, பாதி நான் தாறன்.

பெரியப்பா: ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிட்டேன் பிள்ளை.

தேவி சித்தி: அதெல்லாம் பிறகு. இன்று இரவு பால் கரைக்கத் தண்ணீர் எங்கே?

கண்ணன்: ஆர்.ஓ. தண்ணீர் ஒரு கான் எடுத்து வருகிறேன், எட்டு மணிக்குள்.

தேவி சித்தி: வெறுங்கான் குசினிக்குப் பின்னால் கிடக்கிறது, கழுவிக் கொண்டு போ.