சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு தோங் ஹெங் எக் டார்ட்: சாப்பிட்டவங்க எல்லாம் வாங்க

தோபாயோக்காரன்:

மாரியம்மன் கோயிலுக்குப் போற நம்மாளுங்க பாதிப் பேரு சாமி கும்பிட்டாச்சு, துன்னூறு பூசியாச்சு, அப்படியே எம்ஆர்டியப் பாத்து நடையக் கட்டிடுறாங்க. அதே சவுத் பிரிட்ஜ் ரோட்டுல மேக்ஸ்வெல் பக்கமா கொஞ்சம் நடந்தா எதிர்வாடையில 285ம் நம்பர்ல தோங் ஹெங்னு ஒரு கான்டனீஸ் பலகாரக் கடை இருக்கு. புத்தர் பல் கோயில் 288, அதுக்கு முன்னாடி நின்னு ரோட்டுக்கு அந்தப் பக்கம் பாத்தாலே தெரியும். தலைமுறை தலைமுறையா ஒரே குடும்பம் நடத்துற கடை. சைனாடவுன்ல எத்தனையோ கடை வந்து போச்சு, இது மட்டும் அசையாம நிக்குது. கடைய இடையில புதுசாக்கி பளபளன்னு பண்ணிட்டாங்க, பழைய முகம் போச்சேன்னு சில பேருக்கு வருத்தம், எனக்கு அதுல ஒண்ணும் இல்ல, ட்ரே மாறலயே.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன், எக் டார்ட்னா மாவு ஓட்டுக்குள்ள முட்டை கஸ்டர்ட் ஊத்தி வேகவெச்ச பலகாரம், எந்த ஊர்லயும் வட்டமாத்தான் இருக்கும், இவங்களுது மட்டும் டைமண்ட் ஷேப், ரெண்டு முனையும் கூரா நீளவாக்குல இருக்கும். கண்ணாடிக்குப் பின்னாடி வரிசை வரிசையா மஞ்ச மஞ்சேர்னு அடுக்கி வெச்சிருப்பாங்க, உள்ளேருந்து புது ட்ரே வந்துச்சுன்னா பின்னாடி நிக்கிற கூட்டமே ஒரு அடி முன்னாடி நகரும், அதப் பாக்கவே ஜாலியா இருக்கும். அந்த ஷேப் சும்மா ஸ்டைலுக்குன்னு சொல்றவங்க சாப்பிட்டுப் பாக்கணும். கூர் முனைய வாயில வெச்சா மொதல்ல வெறும் ஓடு, மெலிசா பொரபொரன்னு நொறுங்கும், அடுத்த கடியில கஸ்டர்ட் வரும், இனிப்பு கம்மி, முட்டை வாசம் தூக்கலா இருக்காது, ட்ரேய லேசா ஆட்டினா நடுவுல தளதளன்னு ஆடும் பாருங்க, அந்தப் பதம். ஓட்டுக்கும் கஸ்டர்டுக்கும் உள்ள கணக்கு இவ்வளவு சரியா வேற எங்கயும் நான் சாப்பிட்டதில்ல.

நான் சொல்ல வர்றது இவ்ளோதான், அங்கயே சாப்பிடுங்க. வாங்கின கையோட, சூடு இருக்கும்போதே, உள்ள இடம் இல்லன்னா அஞ்சடியில, அதான் கடை முன்னாடி நடைபாதையில, நின்னாவது. பன்னெண்டு வாங்கி பெட்டி கட்டி பஸ்ஸு மாறி ரயிலு மாறி வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயி, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஃப்ரிட்ஜுலேருந்து எடுத்துச் சாப்பிட்டுட்டு "என்னங்க இதுக்கா இவ்ளோ பில்டப்பு"ன்னு கேக்குறவங்கதான் எனக்குத் தெரிஞ்சவங்கள்ல முக்கால்வாசி. பெட்டிக்குள்ள ஆவி அடைச்சு ஓடு நமுத்துப் போயிடும், அப்புறம் அது வேற பண்டம். அதுக்குன்னு ரயிலுக்குள்ள பெட்டியத் தொறந்துராதீங்க, 500 வெள்ளி வரைக்கும் அபராதம் தீட்டுவாங்க.

வேற யாரு யாரு போயிருக்கீங்க, எழுதுங்க.

ஜூரோங் அக்கா:

தம்பி சொன்னது நூத்துக்கு நூறு. நான் வீட்ல பேக் பண்றவ, அதனால அந்தக் கடைக்குப் போனா சாப்பிடுறதவிட உத்து உத்துப் பாக்குறதுதான் ஜாஸ்தி. மேல பாருங்க, ஒரு குமிழி இருக்காது, ஒரு சுருக்கம் இருக்காது, கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கும். அது லேசுல வராது. முட்டையையும் சீனிப்பாகையும் பாலையும் அடிச்சு ஊத்துறதுக்கு முன்னாடி நல்லா வடிகட்டணும், மேல மிதக்குற நுரைய எடுத்துப்புடணும். அவன்ல சூடு ஒரு பொட்டு ஏறிட்டாலும் கஸ்டர்ட் புஸ்ஸுன்னு உப்பிக்கும், வெளிய எடுத்ததும் அமுங்கி நடுவுல குழி விழுந்துரும், சாப்பிட்டா முட்டைப் பொரியல் டேஸ்ட் வரும். ஓடு வேக நெறைய சூடு வேணும், முட்டைக்கு கம்மி சூடு வேணும், ரெண்டும் ஒரே அவன்ல ஒரே நேரத்துல நடக்கணும், இதுதான் எக் டார்டோட மொத்தத் தலைவலியும். அதனாலதான் நெறைய பேரு மொதல்ல சூடு அதிகமா வெச்சு ஓடு கொஞ்சம் பிடிச்சதும் கொறைச்சிடுவாங்க, கடைசியில நடுப்பகுதி லேசா ஆடும்போதே எடுத்துடணும், மிச்சத்த அந்தச் சூடே பாத்துக்கும்.

ஓட்டுலயும் ரெண்டு சாதி இருக்கு. ஒண்ணு அடுக்கு அடுக்கா பிரியுற பஃப் மாவு, தண்ணி மாவுக்குள்ள கொழுப்பு மாவ வெச்சு மடிச்சு மடிச்சுத் தேய்க்கிறது. இன்னொண்ணு பிஸ்கட் மாதிரி பட்டர் மாவு. சண்டை போடுற ஆளுங்க எல்லாம் இதுலதான் சண்டை போடுவாங்க, கஸ்டர்டப் பத்தி எவனும் பேச மாட்டான்.

பெட்டியில வாங்கிட்டுப் போயித்தான் ஆகணும்னா, மூடிய லேசாத் தொறந்தே வெச்சுக்கோங்க. வீட்ல ஏர் ஃப்ரையர்லயோ அவன்லயோ 150, 160ல கொஞ்ச நேரம் வெச்சா ஓடு திரும்ப மொறுமொறுன்னு ஆகிடும். மைக்ரோவேவ்ல மட்டும் வெச்சுராதீங்க, புண்ணியமாப் போகும்.

கடையநல்லூர் பேரன்:

அண்ணே, எங்க ஆளுங்களுக்காக ஒரு வார்த்தை போட்ருங்க. அந்தக் கடையில சார் சியூ சோ போடுறாங்க, பன்றி இறைச்சி வெச்ச பலகாரம், அது அவங்க ஃபேமஸ் ஐட்டத்துல ஒண்ணு, ஸோ ஹலால் கிடையாது. டார்ட்ல முட்டைதானேன்னு நெறைய பேரு அசால்ட்டா வாங்கிடுறாங்க. கடைக்காரங்க ஒண்ணும் மறைக்கிறதில்ல, கேட்டா தெளிவாச் சொல்லிடுவாங்க, கேக்கணும் அவ்ளோதான். பொதுவாவே பழைய சீனப் பலகாரக் கடைங்கள்ல மாவுல பன்றிக் கொழுப்பு சேக்குறது வழக்கம், அதுதான் அந்த அடுக்கு அப்படிப் பிரியும். நம்மளுக்கு முய்ஸ், அதான் இஸ்லாமிய சமய மன்றம், ஹலால் சான்றிதழ் போட்ட பேக்கரிங்கள்ல எக் டார்ட் கிடைக்குது, ஆனா உண்மையச் சொல்லணும்ல, நான் சாப்பிட்டவரைக்கும் சுமார்தான்.

நான் அந்தப் பக்கம் போறது டார்டுக்கு இல்ல. ஜாமிஆ சூலியா பள்ளிவாசலுக்கு ஜும்மாவுக்குப் போவோம், முடிச்சிட்டு கூட வேல பாக்குற சீன நண்பன் தோங் ஹெங் க்யூவுல நிப்பான், நான் வெளிய அஞ்சடியில நின்னு அவன் பைய வெச்சுக்கிட்டு வேடிக்க பாப்பேன். அவன் பாட்டி காலத்துலேருந்து அங்கதான் வாங்குறாங்களாம், டிஸைன் மாத்தினப்போ அவன் அம்மா ரெண்டு மாசம் கோவமா இருந்தாங்களாம் lol இல்ல, நெசமாவே கோவமா இருந்தாங்களாம். அந்த ரோடே ஒரு தினுசு பாத்தீங்களா, 1820கள்ல நம்ம சூலியா ஆளுங்க, அதான் தமிழ் முஸ்லிமுங்க, கட்டுன பள்ளிவாசல், பக்கத்துலயே 1827ல நாராயண பிள்ளை ஆரம்பிச்ச கோயில், நடுவுல இருக்குற தெருவுக்கு கோபுரத்த வெச்சு பகோடா ஸ்ட்ரீட்னு பேரு, அப்படியே போனா புத்தர் கோயில். மேக்ஸ்வெல் ஃபுட் சென்டர் அட்ரஸப் பாருங்க, 1 கடையநல்லூர் ஸ்ட்ரீட். கூட வர்ற சீன நண்பங்க கிட்ட எங்க ஊர் பேருடான்னு சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான், கூகுள் மேப்ப எடுத்துக் காட்டணும்.

சைவப்பழம்:

முட்டை ஆகாதவங்க எதாவது வாங்க முடியுமா அங்க? வெள்ளிக்கிழமை கோயிலுக்கு மாமியாரோட வருவேன், அவங்க வெளிய நின்னுக்கிட்டு "அப்படி என்னதான் விக்கிறான்"னு கேட்டுக்கிட்டே இருக்காங்க.

ஜூரோங் அக்கா:

மனைவி பிஸ்கட்னு ஒண்ணு இருக்கும், லோபோ பெங்ம்பாங்க, உள்ள வெண்பூசணிய சீனியில போட்டுக் கிளறுன பூரணம். சாப்பிட்டா நம்ம காசி அல்வாவ மாவுக்குள்ள வெச்ச மாதிரி இருக்கும். ஆனா பாய் சொன்ன கொழுப்பு விஷயம் இதுக்கும் பொருந்தும் மா, மேல முட்டையும் தடவுவாங்க. மாமியாருக்கு வேண்டாம். கோமள விலாஸ்ல ஒரு தோசை வாங்கிக் குடுத்து கூட்டிட்டுப் போங்க.

பொட்டோங் பாசிர் பொல்லாதவன்:

நான் மாத்திச் சொல்றேன், திட்டாதீங்க. நல்லா இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா சனி ஞாயிறுல அந்தக் க்யூவுல நின்னு, முன்னாடி நிக்கிற டூரிஸ்ட் ஒருத்தரு ஒவ்வொரு பலகாரத்தையும் கைய நீட்டி இது என்ன அது என்னன்னு கேட்டு, போட்டோ எடுத்து, கடைசியில ஒரே ஒரு டார்ட் வாங்கிட்டுப் போறதப் பாத்து ரத்தக் கொதிப்பு ஏறுனதுதான் மிச்சம். எங்க புளோக்குக்குக் கீழ கோப்பிக்கடை பக்கத்துல ஒரு ஆன்ட்டி பேக்கரி, காலைல சூடா வட்ட டார்ட் போடுவாங்க, ஓடு தடிமன்தான், இனிப்பும் கொஞ்சம் தூக்கல், விலை கம்மி, ஒரு கோப்பி ஓ, அதான் பால் இல்லாத காப்பியோட வெச்சுச் சாப்பிட்டா எனக்கு அது போதும். பேரு இருக்குற கடைன்னா நாக்கே ஒரு மார்க் சேத்துப் போட்டுருது.

தோபாயோக்காரன்:

பொல்லாதவரே, சனி ஞாயிறு யாரு போகச் சொன்னா உங்கள. வாரநாள்ல காலைலயே போயிடுங்க, ட்ரே புதுசா வந்துட்டே இருக்கும். சாயங்காலம் லேட்டா போனா இருக்குறத எடுத்துக்க வேண்டியதுதான். மேக்ஸ்வெல் எம்ஆர்டி 2022ல தொறந்ததுக்கு அப்புறம் இன்னும் சௌகரியம், சைனாடவுன் ஸ்டேஷன்லேருந்து கூட்டத்துல முட்டி மோதி வர வேணாம். பண்டிகை சமயத்துல மட்டும் தள்ளியே இருங்க, மூன்கேக் சீசன்ல கேக்கவே வேணாம்.

ஹாங்காங் கணக்குப்பிள்ளை:

சிங்கப்பூர் மக்கா, உங்க சண்டைக்குள்ள நானும் வர்றேன். வேல விஷயமா ஹாங்காங்ல இருக்கேன். இங்க எக் டார்ட்ன்னாலே எல்லாரும் கைய காட்டுறது சென்ட்ரல்ல லிண்டர்ஸ்ட் டெரஸ்ல இருக்குற தாய் சியோங் பேக்கரி, 1954ல ஆரம்பிச்சது. இந்த ஊரோட கடைசி பிரிட்டிஷ் கவர்னர் கிறிஸ் பேட்டன் இதுக்கு அடிமை, அவரால கடைக்கு இன்னும் பேரு ஏறிடுச்சு. அக்கா சொன்ன ரெண்டு சாதியில இவங்க பட்டர் மாவுக் கட்சி, வட்டமா, ஓடு கெட்டியா, பட்டர் வாசம் தூக்கும். 2005ல வாடகை ஏறி கடைய மூடுனப்போ ஊரே திரண்டு வந்து க்யூ கட்டுச்சாம், அப்புறம் அதே தெருவுலயே வேற இடத்துல தொறந்துட்டாங்க. இப்ப கிளைங்க நெறைய வந்துருச்சு.

நான் போனது ஒரு மத்தியானம், மிட்-லெவல்ஸ் எஸ்கலேட்டர்லேருந்து எறங்கி வர்ற வழி. கடை சின்னது, உக்கார்ற பேச்சே இல்ல, வாங்குனவங்க எல்லாம் சரிவுல நடைபாதையில நின்னுக்கிட்டு பேப்பர கைல பிடிச்சிட்டு தலைய முன்னாடி நீட்டி சாப்பிடுறாங்க, சட்டையில தூள் விழாம இருக்கணும்ல, பேங்க்ல வேல பாக்குற கோட்டு சூட்டு ஆளுங்க கூட அதே போஸ். நானும் நின்னேன். முதல் கடியில உள்ள சூடு நாக்க சுட்டுருச்சு, விடவும் முடியல முழுங்கவும் முடியல, பக்கத்துல நின்ன பெரியவரு என்னமோ கான்டனீஸ்ல சொல்லி சிரிச்சாரு, ஊதிச் சாப்பிடுன்னு சொல்லிருப்பாருன்னு வெச்சுக்கோங்க. டேஸ்ட் அருமை, ஆனா எனக்கு பஃப் மாவுதான் இஷ்டம், அது சா சான் தெங் டீக்கடைங்கள்ல பால் டீயோட கெடைக்குது, பேர் தெரியாத கடையிலயே சூப்பரா இருக்கும். இந்த ஊர்ல எக் டார்ட் செய்யுற கைப்பக்குவத்த 2014ல மரபுப் பட்டியல்லயே சேத்துட்டாங்க, அவ்ளோ மரியாதை.

கொலோவான் போனவ:

எல்லாரும் சீன டார்ட் பேசுறீங்க, மக்காவ் டார்ட விட்டுட்டீங்களே. ஹாங்காங் போனப்போ ஃபெர்ரியில ஒரு நாள் மக்காவ் போயிட்டு வந்தோம். என் வீட்டுக்காரருக்கு கேசினோ பாக்கணும், எனக்கு லார்ட் ஸ்டோஸ், பஞ்சாயத்துல நான் ஜெயிச்சேன். கொலோவான்ங்குறது தெற்கு ஓரத்துல அமைதியான கிராமம், அங்க ஆண்ட்ரூ ஸ்டோன்னு ஒரு இங்கிலீஷ்காரர் 1989ல ஆரம்பிச்ச பேக்கரிதான் லார்ட் ஸ்டோஸ். போர்ச்சுகல் டார்ட அவரு தன் கைக்கு மாத்தி செஞ்சிருக்காரு. மேல பளிச்சுன்னு மஞ்சளா இருக்காது, அங்கங்க கருகுன பொட்டு பொட்டா இருக்கும், அந்தக் கருகல்லதான் டேஸ்டே. ஓடு பஃப் மாவு, கடிச்சா சரசரன்னு சத்தம் கேக்கும். ஜூரோங் அக்கா சொல்றதுக்கு நேர் எதிர், அவன்ல பயங்கர சூட்டுல வெச்சு மேல கருக விடுவாங்களாம். அவரு 2006ல தவறிட்டாரு, கடை ஓடிக்கிட்டுதான் இருக்கு. அவரோட முன்னாள் மனைவி டவுனுக்குள்ள மார்கரெட்ஸ்னு தனிக்கடை வெச்சாங்க, மக்காவ்காரங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சு நிப்பாங்க. இந்த வகை டார்டதான் சைனா முழுக்க கேஎஃப்சியிலயே விக்கிறாங்க, சிக்கன் கடையில டார்ட்.

நாங்க வாங்கிட்டு எதிர்ல கடலோரம் போற ரோட்டுல உக்காந்து சாப்பிட்டோம். வீட்டுக்காரரு "ஒண்ணு போதும், இனிப்பு சாப்பிடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு"ன்னு ஆரம்பிச்சாரு. கடைசியில பெட்டியில எனக்கு மிஞ்சினது தூள்தான்.

தோங் ஹெங்கும் சாப்பிட்டிருக்கேன். ரெண்டையும் ஒண்ணா வெச்சு எது பெஸ்ட்டுன்னு கேட்டா பதில் கிடையாது, தோங் ஹெங் மெதுவா கரையுற ரகம், லார்ட் ஸ்டோஸ் வாய நெறைக்கிற ரகம். டெய்லி சாப்பிடணும்னா தோங் ஹெங், திகட்டாது.

பொட்டோங் பாசிர் பொல்லாதவன்:

டெய்லியா! சம்பளத்துல பாதி போயிடும் தாயி.

உட்லண்ட்ஸ் மாப்ள:

இழை முழுக்கப் படிச்சிட்டேன், இப்ப ராத்திரி மணி ஒண்ணு, பசி கொல்லுது. யாராச்சும் இந்த வாரம் மாரியம்மன் கோயில் பக்கம் போறீங்களா? எனக்கு ஆறு டார்ட் தப்பாவ் (பார்சல்) பண்ணிட்டு வாங்க, காசு பேநவ்ல போட்டுடறேன். தோபாயோ அண்ணன் கோச்சுக்க வேணாம், நமுத்துப் போனாலும் பரவால்ல, அக்கா சொன்னபடி ஏர் ஃப்ரையர்ல வெச்சுக்கறேன்.

தோபாயோக்காரன்:

ஆறு டார்டுக்கு உட்லண்ட்ஸ் வரைக்கும் எவன்டா வருவான். வியாழக்கிழமை பத்து மணிக்கு நான் அங்க இருப்பேன், வா, அங்கயே நின்னு சாப்பிடு, மொத ரெண்டு என் காசு.