பட்டறிகடுமை: ஒரு சொல் முன்மொழிவு

அன்பர்களுக்கு வணக்கம்.

தாவுதள விளையாட்டுகளில் (தளத்துக்குத் தளம் தாவி, பொறிகளைக் கடந்து செல்லும் கணினி விளையாட்டுகளில்) வரும் 'டிரையல் அண்ட் எரர்' வகைக் கடுமையை, அதாவது முன்கூட்டி அறிய வழியின்றித் தோற்றே கற்க வேண்டிய கடினத்தை, தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு இதுவரை வந்த விடைகளில் பெரும்பாலானவை 'முயன்று தவறல்' என்பதையே சுற்றி வருகின்றன. கல்வி உளவியல் பாடநூல்களில் 'முயன்று தவறிக் கற்றல்' நிலைபெற்றுவிட்ட சொல் என்பதால், அதை எடுத்தாளத் தோன்றுவது இயல்புதான். ஆயினும் அது இங்கே பொருந்தாது என்று கருதுகிறேன்.

அந்தப் பாடநூல் சொல் பெரும்பாலும் அமெரிக்க உளவியலாளர் தார்ன்டைக்கின் பூனைகளோடு சேர்ந்தே நம்மிடம் வந்தது. 1898இல் அவர் வெளியிட்ட ஆய்வில், பெட்டிக்குள் அடைபட்ட பூனை பிறாண்டியும் கடித்தும் பார்த்து, தற்செயலாகத் தாழை விடுவித்து வெளியே வருகிறது. திரும்பத் திரும்ப அடைக்கும்போது, அது வெளியேற எடுத்துக்கொள்ளும் நேரம் சிறிது சிறிதாகக் குறைகிறது. டென்மார்க்கின் பிளேடெட் நிறுவனம் 2010இல் வெளியிட்ட 'லிம்போ' என்ற தாவுதள விளையாட்டில் நடப்பது வேறு. கறுப்பு வெள்ளை நிழலுருவங்களாலான காட்டில் ஒரு சிறுவன் நடந்து செல்கிறான். புல்லின் கருமைக்குள் கரடிப்பொறி கிடப்பதை நாம் உணர்வதற்குள் அது அவனைக் கவ்விவிடுகிறது. அடுத்த முறை அதே இடத்தில் யாரும் காலை வைப்பதில்லை. ஒரே சாவில் பாடம் முழுவதும் முடிந்துவிடுகிறது.

பூனையின் கதைக்கு நெருக்கமான விளையாட்டு, அதே ஆண்டில் வந்த 'சூப்பர் மீட் பாய்'. அதில் சுழலும் இரம்பங்கள் பெரும்பாலும் கண்முன்னேயே இருக்கின்றன. அவை எங்கே இருக்கின்றன என்று தெரிந்தும் சாகிறோம், ஏனெனில் விரல் ஒரு கணம் பிந்திவிடுகிறது. ஒரு கட்டத்தை முடித்தவுடன், நம்முடைய முந்தைய முயற்சிகள் எல்லாம் ஒரே நேரத்தில் திரையில் ஓடுவதைக் காட்டுவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவனும் முந்தையவனைவிடச் சற்றுத் தள்ளிப்போய் விழுவதைப் பார்த்தால், 'முயன்று தவறல்' என்ற சொல் இதற்கென்றே பிறந்ததாகத் தோன்றும். ஆகவே அதை இங்கேயே விட்டுவைப்போம்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு: விளையாட்டை முடித்தவர் மறுபடி தொடங்கினால் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். கைப்பழக்கம் கேட்கும் கடுமை இரண்டாம் முறையும் ஓரளவு நிற்கும். மறைத்துவைத்த அறிவால் எழும் கடுமையோ ஏறக்குறைய முழுவதும் மறைந்துவிடும். 'லிம்போ'வை ஒரே அமர்வில், 5 சாவுக்கு மிகாமல் முடிப்பவருக்கு ஒரு சாதனைப் பட்டம் வைத்திருக்கிறார்கள். முதல் முறை ஆடுபவருக்கு அந்த எண் கேலியாகவே படும். இடங்களை நினைவில் வைத்திருப்பவருக்கு அது எட்டக்கூடியதே. எனவே நாம் தேடும் சொல், ஆடுபவரின் முயற்சியைச் சுட்டாமல், வடிவமைப்பில் அறிவு மறைக்கப்பட்டிருப்பதைச் சுட்ட வேண்டும்.

இன்றியமையாதவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் களையும் சிறும வடிவமைப்பில் இது அடிக்கடி தலைகாட்டுவதற்கும் காரணம் உண்டு. எழுத்து இல்லை, உரையாடல் இல்லை, திரையின் ஓரத்தில் உயிரளவைக் காட்டும் பட்டை இல்லை. பொறியும் புல்லும் கல்லும் ஒரே கறுப்பு. எச்சரிக்கை செய்வதற்கு இருந்த வழிகளையெல்லாம் அழகுக்காகக் களைந்துவிட்ட பிறகு, கற்றுத்தரும் வேலை சாவின் தலையில் விழுகிறது. செத்த இடத்துக்குச் சற்று முன்னாலேயே மீண்டும் தொடங்கவிடுவதால் மட்டுமே அதைப் பொறுத்துக்கொள்கிறோம். அதே பொறியை வைத்துவிட்டு, மீள்தொடக்கப் புள்ளியைப் பத்து நிமிடத் தொலைவுக்குத் தள்ளினால், கற்பித்தல் தண்டனையாகிவிடும்.

'தவறல்' என்பதற்கு ஆதரவாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிளேடெட் நிறுவனத்தார் தங்கள் முறையைக் குறிக்க, 'டிரையல் அண்ட் எரர்' என்ற ஆங்கிலத் தொடரில் தவறு இருந்த இடத்தில் சாவை வைத்தார்கள். தமிழுக்கு அந்த மாற்றம் தேவையே இல்லை. 'அவர் தவறிவிட்டார்' என்றால் இறந்துவிட்டார் என்று பொருள். இந்த இரட்டைப் பொருளை இழக்க எனக்கும் மனமில்லை. ஆனால் அது மரியாதையோடு சொல்லும் மங்கல வழக்கு. ஒரு மணி நேரத்தில் நாற்பது முறை நசுங்குபவனுக்கு அது சற்று அதிகம்.

என் முன்மொழிவு 'பட்டறிகடுமை'. கண்டறி, கேட்டறி என்பவற்றின் வரிசையில் பட்டறி நிற்கிறது. 'பட்டறி கெட்டறி' என்று பழமொழியிலும் அது உண்டு. கண்டறிய வழி இல்லாததால் பட்டறிய வேண்டியிருக்கிறது என்று சொன்னால், இந்த வகை விளையாட்டின் இயல்பு விளங்கிவிடுகிறது. தவிர, படுதல் என்பதற்கு நுகர்தல், துன்புறுதல் என்பவற்றோடு சாதல் என்ற பொருளும் உண்டு. போரில் விழுந்த வீரனை நடுகற்கள் 'பட்டான்' என்றே குறிக்கின்றன. 'தவறல்' தந்த இரட்டைப் பொருள் இங்கே இன்னும் பொருத்தமான தொனியில் கிடைக்கிறது. 'மாண்டறிகடுமை' என்ற மாற்று யோசனையும் நல்லதே, ஆனால் சாவே இல்லாமல், தவறான கதவைத் திறந்ததும் தொடக்கத்துக்குத் திருப்பி அனுப்பும் விளையாட்டுகளை அது விட்டுவிடும்.

'பட்டறிக்கடுமை' என்று ஒற்று மிகுத்து எழுத வேண்டாம். அறிகுறி என்பதைப் போல இதுவும் வினைத்தொகை, வல்லினம் மிகாது. பட்டறிவு என்பதோடு குழம்பும் என்ற அச்சம் எனக்கு இல்லை. பொருளில் அவை உறவுடையவைதாம்.

ஓர் இடத்தில் மட்டும் எனக்கு ஐயம் இருக்கிறது. 'லிம்போ'வில் மேலிருந்து இறங்கி நசுக்கும் பொறிகள் இரண்டு அடுத்தடுத்து வரும். முதலாவதில் மிதிபலகையைத் தொட்டால் சாவு; அதை நம்பி இரண்டாவதில் பலகையைத் தவிர்த்துத் தரையில் கால் வைத்தால் அங்கேதான் சாவு. இது அறிவை மறைப்பதோடு நிற்கவில்லை, முந்தைய சாவில் பெற்ற அறிவையே நமக்கு எதிராகத் திருப்புகிறது. இதையும் பட்டறிகடுமைக்குள் அடக்கலாம் என்பதே இப்போதைக்கு என் எண்ணம். 'ஏய்ப்பு' என்று தனியே பெயரிட வேண்டும் எனக் கருதுவோர், இதைப் போன்ற வேறு எடுத்துக்காட்டுகளோடு எழுதினால் மறுபடியும் பார்க்கலாம்.