மறு: ரேண்டம் என்கவுன்ட்டர் – சொல் வேண்டும், வெள்ளிக்குள்

அனுப்புநர்: செல்வி

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

விளையாட்டு வடிவமைப்புப் பாடத்துக்குத் தமிழில் தயாராகும் குறிப்பேட்டில் மூன்றாம் அலகு, ஜப்பானிய வீடியோ ஆட்ட நிறுவனமான சுன்சாஃப்ட்டின் வரலாறு. வெள்ளி மாலை பக்கங்கள் அச்சுக்குப் போகின்றன. மற்ற சொற்கள் ஏறக்குறைய முடிந்துவிட்டன. பக்கத்துக்குப் பக்கம் வரும் இந்த ஒன்றுக்குத்தான் சொல் அமையவில்லை. வரும் இடம் இது:

"கோய்ச்சி நாகமுரா 1984 ஏப்ரலில், 19 வயதில், தோக்கியோவின் சோஃபு நகரில் சுன்சாஃப்ட்டைத் தொடங்கினார். மாஜோங் காய்களில் 'நடு' என்னும் எழுத்துப் பொறித்த காயைச் 'சுன்' என்பார்கள். நாகமுராவின் பெயரில் முதல் எழுத்தும் அதுவே. 1986 மே 27 அன்று எனிக்ஸ் வெளியிட்ட டிராகன் குவெஸ்ட் ஆட்டத்தை யூஜி ஹோரி வடிவமைக்க, நிரலாக்கியது இந்த நிறுவனம். வீரன் வரைபடத்தில் நடக்கையில் எதிரிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் அவன் கால் வைத்ததும் நிரல் ஓர் எண்ணை எடுத்துப் பார்க்கும். அது குறித்த எல்லைக்குள் விழுந்தால் திரை மாறிச் சண்டை தொடங்கும்."

இந்தக் கடைசி நிகழ்வுக்குத்தான் பெயர் வேண்டும். 'என்கவுன்ட்டர்' என்று அப்படியே எழுத முடியாது. நாளிதழ் படிக்கிற எவருக்கும் அது போலீஸ் துப்பாக்கிச் சூடு. 'ரேண்டம் என்கவுன்ட்டரில் சுலைம் இறந்தது' என்ற வரியை மாணவர் எப்படிப் படிப்பார் என்று பாருங்கள் (சுலைம் ஆட்டத்தில் வரும் ஒரு பகை).

செல்வி

---

அனுப்புநர்: கார்த்திக்

தற்செயல் மோதல். எல்லோருக்கும் புரியும், இலக்கணச் சிக்கலும் இல்லை. முடித்துவிடலாமே?

---

அனுப்புநர்: செல்வி

> தற்செயல் மோதல்.

கார்த்திக், 'மோதல்' ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. இரண்டாம் அலகில் இரு உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று படுவதை நிரல் கண்டுபிடிப்பதற்கு 'மோதல் கண்டறிதல்' என்று எழுதி அச்சுக்கும் அனுப்பிவிட்டோம். நாகமுராவின் தொடக்ககால ஆட்டமான டோர் டோர் முழுக்க அந்த மோதல்தான்: துரத்தி வருபவற்றைக் கதவுக்குள் அடைக்க வேண்டும், உடம்பில் பட்டால் உயிர் போகும். டிராகன் குவெஸ்ட்டில் படுவதற்கு எதிரில் உருவமே கிடையாது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், இந்த அலகு எந்த வேறுபாட்டைச் சொல்ல வருகிறதோ அதுவே அழிந்துவிடும்.

---

அனுப்புநர்: புலவர் அரங்கன்

அம்மா செல்வி, தம்பி கார்த்திக்,

சொல் நம்மிடம் ஈராயிரம் ஆண்டாக இருக்கிறது. வழியில் போகிறவன்மேல் முன்னறிவிப்பில்லாமல் வந்து விழுவது ஆறலைத்தல். ஆறு என்றால் வழி, அலைத்தல் என்றால் வருத்துதல். பாலை நிலத்து ஆறலை கள்வரை அறியாதவர் இந்தக் குழுவில் இல்லை. ஆகவே ஆறலைப்பு.

இதில் இன்னொரு பொருத்தமும் உண்டு. பாலைப் பண் கேட்டால் ஆறலை கள்வர் படைக்கலத்தைக் கீழே போட்டுவிடுவார்கள் என்கிறது பொருநராற்றுப்படை. இந்த ஆட்டத்தில் வீரன் 'தோஹெரோசு' என்ற மந்திரம் சொன்னாலோ, தூய நீரைத் தெளித்துக்கொண்டாலோ சிறு பகைகள் அண்டாது என்று செல்வி முன்பு எழுதியிருந்தார். யாழ் செய்ததை அங்கே நீர் செய்கிறது. சுந்தரர் திருமுருகன்பூண்டி வழியில் பொருளைப் பறிகொடுத்ததும், திருமங்கையாழ்வார் வேடுபறியும் இந்தக் குடும்பத்துச் சொற்கள்தாம். 'வேடுபறி' என்பதையும் இரண்டாம் தேர்வாக வைக்கிறேன். இன்றும் விழாப் பெயராக மக்கள் நாவில் இருக்கிறது.

---

அனுப்புநர்: சிவரூபன்

ஐயா, ஆறு குற்றியலுகரம் அல்லவா? வேற்றுமைப் புணர்ச்சியில் றகரம் இரட்டிக்க வேண்டாமா? ஆற்றுநீர், ஆற்றங்கரை என்பதுபோல் ஆற்றலைப்பு என்றல்லவா வரும்?

---

அனுப்புநர்: புலவர் அரங்கன்

தம்பி, நன்னூலார் 'வேற்றுமை மிகவே' என்றார். மிகவே என்றால் பெரும்பாலும், எங்கும் அல்ல. ஆறலை கள்வர் அந்தச் சிறுபான்மை. இரட்டித்தால் 'ஆற்றலை' ஆகும். ஆற்றல் என்பதன் இரண்டாம் வேற்றுமையோடு மயங்கும். சான்றோர் இரட்டாமல் விட்டதற்கு அதுவும் காரணமாகலாம்.

---

அனுப்புநர்: கார்த்திக்

ஐயா, மயக்கம் அதோடு நிற்கவில்லை. 'ஆறலைப்பு' என்று பார்த்தவுடன் இன்றைய மாணவர் ஆற்றில் அலை அடிக்கிறது என்றுதான் படிப்பார். ஆறு என்றால் வழி என்பது ஆற்றுப்படை படித்தவருக்குத்தான் தெரியும். பாடக் குறிப்பேட்டில் ஒரு சொல்லுக்கு உரை, உரைக்கு ஓர் உரை என்று போக இடமில்லை.

வேடுபறியில் பொருளே தலைகீழாகிறது. அங்கே வழிப்போக்கன் இழக்கிறான். இங்கே வென்றவன் பொன்னும் புள்ளியும் பெறுகிறான். தோற்றால் கையிலிருக்கும் பொன்னில் பாதி போய், அரசன் முன் மறுபடி எழுவான். அந்த ஒரு நிலைக்கு மட்டும் வேடுபறி பொருந்தும்.

---

அனுப்புநர்: சிவரூபன்

வணக்கம். பின்பாதிச் சொல்லைப் பற்றியே எல்லாரும் பேசுகிறீர்கள். முன்பாதியையும் பார்ப்போம். 'ரேண்டம்' என்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூலில் சமவாய்ப்பு, எங்கள் இலங்கைப் பாடநூலில் எழுமாறு. இங்கே சமவாய்ப்பு என்று எழுதினால் கணக்கே பிழைக்கும். மலையிலும் காட்டிலும் சண்டை வரும் வாய்ப்பு வெட்டவெளியைவிடக் கூட. ஊருக்குள் வாய்ப்பே இல்லை. பாலத்தைக் கடந்தால் வருகிற பகையின் வலுவும் ஏறும்; தாண்டக்கூடாத இடத்துக்கு வந்துவிட்டோம் என்று ஆடுபவருக்கு உணர்த்த ஹோரி எடுத்த வழி அது. இதில் எது சமம்? எழுமாறு என்றால் எழுகிறபடி. அது சமத்தைப் பற்றிப் பேசவே இல்லை. எனவே 'எழுமாற்று எதிர்ப்பாடு'.

படு, பாடு ஆவது முதனிலை திரிந்த தொழிற்பெயர். அகத்திணையில் இடந்தலைப்பாடு இருக்கும்போது இங்கே எதிர்ப்பாடு இருக்கலாம்.

---

அனுப்புநர்: புலவர் அரங்கன்

இடந்தலைப்பாடு காதலர் முன்பு கூடிய இடத்திலேயே மறுநாளும் சந்திப்பது. தற்செயலுக்கு நேர் எதிர். தம்பிக்குத் தற்செயல்தான் வேண்டுமென்றால் முதல் நாள் இயற்கைப் புணர்ச்சிக்குத்தான் போக வேண்டும். அங்கே பால், அதாவது ஊழ், கூட்டுவிக்கிறது. பால்தான் உங்கள் ரேண்டம். 'பால்வழி எதிர்ப்பாடு' என்றால் மறுக்க மாட்டேன்.

---

அனுப்புநர்: கார்த்திக்

பால்வழி என்றால் பால்வழி மண்டலம் என்றுதான் படிப்பார்கள், ஐயா.

சிவரூபன் சொன்ன வாய்ப்பைக் கணக்காகப் போட்டால், சொல்லில் எதை அழுத்த வேண்டும் என்பது தெளியும். ஓர் அடிக்குச் சண்டை வரும் வாய்ப்பு 16-இல் 1 என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக 16 அடிக்கு ஒரு சண்டை. ஆனால் முதல் நான்கு அடிக்குள் சண்டை வர ஏறத்தாழ 23 விழுக்காடு வாய்ப்பு உண்டு. 32 அடி நடந்தும் வராமல் இருக்க 13 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அதனால் ஒருவர் ஒரு சண்டையை முடித்து இரண்டே அடியில் அடுத்ததில் மாட்டுவார். இன்னொருவர் குகை முழுக்க நடந்தும் ஒன்றைப் பார்க்க மாட்டார். நிரலில் பிழை இல்லை, பகடைக்கு முந்தைய அடி நினைவில் இல்லை. ஸ்கொயர் நிறுவனம் தன் பிற்கால ஃபைனல் ஃபேன்டஸி ஆட்டங்கள் சிலவற்றில் அடிக்கு அடி ஏறும் ஓர் எண்ணை வைத்து, சண்டை முடிந்ததும் அதைச் சுழியாக்கி, இந்த ஏற்ற இறக்கத்தைக் குறைத்தது. அதையும் ரேண்டம் என்கவுன்ட்டர் என்றே அழைக்கிறார்கள்.

ஆகவே ஆடுபவருக்கு முக்கியமானது பகடையின் தன்மை அல்ல. பார்க்க முடியாத ஒன்று போகிற வழியில் குறுக்கிட்டு நிறுத்துகிறது, அதுதான் விசயம். வழிமறிப்பு என்று வைக்கலாமே. புலவர் ஐயாவின் ஆறும் அதில் இருக்கிறது, இன்றைய சொல்லாக.

---

அனுப்புநர்: மணிமொழி

வழிமறிப்பு நல்ல சொல். வழியை மறித்தல், இரண்டாம் வேற்றுமைத் தொகை, ஒற்று மிகும் சிக்கலும் இல்லை.

ஆனால் அதே பக்கத்தில் 'அனுபவப் புள்ளி' என்றிருக்கிறதே, செல்வி? பட்டறிவு என்ற சொல் எங்கே போனது? ஒரு சொல்லுக்குச் சங்க இலக்கியம் வரை தேடுகிறோம். பக்கத்துச் சொல்லுக்கு வடமொழியே போதும் என்று விட்டுவிடுகிறோம். கலைச்சொல் ஒவ்வொன்றாகத் தூயதாக இருந்தால் போதாது, பக்கம் முழுக்க ஒரே நடையில் இருக்க வேண்டும்.

---

அனுப்புநர்: செல்வி

மணிமொழி, அனுபவத்தை மாற்றப் போவதில்லை. பேச்சில் அனுபவம்தான் இருக்கிறது. மாணவர் கண் அந்தச் சொல்லில் ஒரு நொடியும் தடுக்கக் கூடாது, தடுக்க வேண்டியது கருத்தில்தான்.

'உயிர்ப்பு மந்திரம்' பற்றியும் தனி மடலில் கேட்டிருந்தீர்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் டிராகன் குவெஸ்ட்டின் பேழையில் (கார்ட்ரிட்ஜில்) மொத்தம் 64 கிலோபைட்தான். ஆட்டத்தை நிறுத்தினால் நிலையைச் சேமிக்க இடமில்லை. அரசனிடம் போனால் அவன் ஹிரகானா என்னும் ஜப்பானிய எழுத்து வகையில் 20 எழுத்துகளைச் சொல்வான். பெயர், புள்ளி, பொன், கைப்பொருள் எல்லாம் அதற்குள் பொதிந்திருக்கும். அதைத் தாளில் எழுதிவைத்து மறுநாள் உள்ளிட வேண்டும். 1987-இல் இரண்டாம் ஆட்டத்தில் வீரர் மூவர் ஆனதும் அது 52 எழுத்து வரை நீண்டது. 'நு'வும் 'மெ'யும் ஜப்பானிய எழுத்தில் ஒரு சுழிதான் வேறுபடும். 'நெ', 'ரெ', 'வா' மூன்றும் அப்படியே. மங்கலான தொலைக்காட்சியில் ஒன்றை மாற்றி எழுதினால் பல நாள் ஆட்டம் போயிற்று. ஜப்பானியப் பெயரே 'உயிர்த்தெழும் மந்திரம்' என்று பொருள் தருவதால் மந்திரத்தை வைத்துக்கொண்டேன்.

---

அனுப்புநர்: மணிமொழி

தொல்காப்பியரே மறைமொழியை மந்திரம் என்றதால் மந்திரத்தை ஏற்கிறேன். அனுபவத்தை ஏற்கவில்லை.

---

அனுப்புநர்: சிவரூபன்

எழுத்து என்றதும் ஒன்று. அந்த 64 கிலோபைட்டில் கதகானா என்னும் இன்னொரு ஜப்பானிய எழுத்து வகை முழுவதையும் வைக்க இடமில்லாமல் 20 எழுத்துகளை மட்டும் வைத்தார்கள். பகைகளின் பெயரிலும் மந்திரங்களின் பெயரிலும் வரும் கதகானா எல்லாம் அந்த 20-க்குள்தான் அமைந்தது. சுலைமின் ஜப்பானியப் பெயரான 'சுராஇமு' என்பதன் நான்கு எழுத்துகளும் அதிலுள்ளவை. இடப்பற்றாக்குறை பெயர்களையே வடித்துக் கொடுத்தது. பாடத்தில் இது கட்டாயம் வர வேண்டும்.

சொல்லுக்கு வருகிறேன். வழிமறிப்பு என்றால் மறிப்பவர் வேண்டுமென்றே காத்திருந்ததாகப் படுகிறது. எண் ஒன்று விழுந்ததால் நேர்ந்ததில் நோக்கம் ஏது? எழுமாறு என்பதைச் சொல்லிலிருந்து கழற்றிவிட்டால் கருத்தில் பாதி போய்விடும்.

---

அனுப்புநர்: செல்வி

சிவரூபன் ஐயா, எழுமாறு பின்னால் தேவைப்படுகிறது. அதற்காகத்தான் இங்கே செலவழிக்கத் தயங்குகிறேன். ஐந்தாம் டிராகன் குவெஸ்ட் 1992 செப்டம்பரில் வந்தது. அதன் பிறகு சுன்சாஃப்ட் அந்த வரிசையை விட்டது. 1993-இல் அதன் 'தோருனெகோவின் பெருந்துணிவு' என்ற ஆட்டம் வந்தது. அதில் உள்ளே நுழையும்தோறும் நிலவறையின் அறைகளும் பாதைகளும் புதிதாக அமையும். பகைகளோ கண்ணெதிரே நிற்கும். நாம் ஓர் அடி வைத்தால் அவையும் ஓர் அடி வைக்கும். எழுமாறு அங்கே பகையை விட்டு நிலத்துக்குப் போய்விடுகிறது. 'எழுமாற்று நிலவறை' என்று அதற்குக் கொடுத்து, முன்னதை வழிமறிப்பு என்றால், ஏழு ஆண்டில் ஒரு நிறுவனம் பகடையை எங்கிருந்து எங்கே நகர்த்தியது என்பது மாணவருக்குச் சொற்களிலேயே தெரியும்.

தொடர்ச் சொற்களையும் போட்டுப் பார்த்தேன். வழிமறிப்பு வீதம், வழிமறிப்பில்லாப் பகுதி, வழிமறிப்புத் தடுப்பு நீர் எல்லாம் நிற்கின்றன. 'எழுமாற்று எதிர்ப்பாட்டு வீதம்' அட்டவணைக் கட்டத்துக்குள் அடங்கவில்லை. 'எதிர்ப்பாடு' என்பதை மெய்ப்பு பார்த்தவர் இருமுறை 'எதிர்ப்பு' என்று திருத்தி அனுப்பினார்.

---

அனுப்புநர்: புலவர் அரங்கன்

வழிமறிப்பு ஆறலைப்பின் உரைதான். உரையை மூலத்தின் இடத்தில் வைக்கிறீர்கள். வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை வரும் இடத்தில் 'பண்டையோர் ஆறலைப்பு என்பர்' என்று ஒரு வரி போட முடியுமா, அம்மா?

---

அனுப்புநர்: மட்டுறுத்துநர்

வெள்ளி நண்பகல் ஆகிவிட்டது. வழிமறிப்புக்கு கார்த்திக், செல்வி, மணிமொழி. புலவர் ஐயா அரைமனதாக. எழுமாற்று எதிர்ப்பாட்டுக்குச் சிவரூபன் ஐயா. மணிமொழி அவர்கள் பட்டறிவுப் புள்ளிக்குத் தனி இழை தொடங்க வேண்டுகிறேன். இந்த இழையில் இனி வழிமறிப்பு பற்றி மட்டும்.

---

அனுப்புநர்: செல்வி

நன்றி. வழிமறிப்பு என்று பக்கங்கள் போகின்றன. புலவர் ஐயாவின் ஆறலைப்பு சொல்லடைவில் ஒரு பதிவாக இருக்கும். பக்கத்தில் அடிக்குறிப்புக்கு இடமில்லை.

---

அனுப்புநர்: சிவரூபன்

என் மறுப்பைச் சொல்லடைவின் அடுத்த பதிப்புக்குப் பதிந்துவைக்க வேண்டுகிறேன். தோருனெகோவில் அரக்கர் மனை என்று ஓர் அறை வரும். உள்ளே கால் வைத்ததும் அறை நிறையப் பகைகள் விழித்துச் சூழ்ந்துகொள்ளும். உங்கள் சொற்படி அது வழிமறிப்பா, இல்லையா? எதிர்பாராமல் வருகிறது, குறுக்கே நிற்கிறது, ஆனால் திரை மாறுவதில்லை. எல்லாப் பகையும் கண்ணில் படுகிறது. வழிமறிப்பு என்றால் வரையறை உடைகிறது. இல்லையென்றால் சொல்லின் நேர்ப்பொருள் உடைகிறது. எழுமாற்று எதிர்ப்பாட்டில் இந்தக் கேள்வி எழாது.

---

அனுப்புநர்: கார்த்திக்

அரக்கர் மனையை 'சூழ்ப்பு' எனலாமா? போரைப் பாடும் புறத்திணைகளில் ஒன்றான வெட்சியில் ஊர்சூழ்ந்து தாக்கும் துறை ஏதும் உண்டா, புலவர் ஐயா?

---

அனுப்புநர்: புலவர் அரங்கன்

சூழ்தல் வெட்சியில் தேட வேண்டியதில்லை, தம்பி. மதிலை வளைத்து நிற்பது உழிஞை. உள்ளிருந்து காப்பது நொச்சி. அறைக்கு நடுவில் அகப்பட்டவன் நொச்சி மறவன். பெயரை நாளை விரிவாக எழுதுகிறேன்.