உலகம் பாழாகும் படங்களில் உங்களுக்கு நம்பிக்கை கொடுத்த காட்சி எது?

அஸ்தம்பட்டியிலிருந்து:

என் அத்தை பிரசவ வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலப் படம் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார். அல்ஃபோன்சோ குவாரோனின் 'சில்ட்ரன் ஆஃப் மென்' (2006) ஓடிக்கொண்டிருந்தபோது வெங்காயம் உரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

கதை 2027-இல் நடக்கிறது. 18 ஆண்டுகளாக உலகில் ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை. மிரியம் என்ற மருத்துவச்சி பாழடைந்த பள்ளிக்கூடத்தில் இருந்தபடி, வரிசையாகக் கருக்கள் கலைந்ததையும், பதிவேட்டில் வரப்போகிற மாதங்களின் பக்கங்கள் காலியாகக் கிடந்ததையும் சொல்வாள். அத்தையின் கை அப்படியே நின்றுவிட்டது. "வார்டு ஒரு ராத்திரி சத்தமில்லாம இருந்தாலே எங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும் கண்ணு" என்றார்.

அப்புறம் அகதிகள் முகாமில் கீ என்ற பெண்ணுக்கு வலி எடுக்கிறது. கூட இருக்கும் தியோவுக்குப் பிரசவம் பற்றி ஒன்றும் தெரியாது. வைத்திருந்த மதுவை ஊற்றிக் கை கழுவுகிறான். "அதாவது தெரிஞ்சிருக்கே" என்றார் அத்தை. குழந்தை வெளியே வந்ததும் அவனுக்கே உத்தரவு போட ஆரம்பித்துவிட்டார்: "வாயில ஆவி வருது பாரு, அவ்வளவு குளிரு. முதல்ல துணியச் சுத்துப்பா!"

பிறகு அந்தக் கட்டடம். சுற்றிலும் சண்டை. பிள்ளையின் அழுகை கேட்டுப் படைவீரர்கள் சுடுவதை நிறுத்தி வழி விடுகிறார்கள். சிலர் மண்டியிடுகிறார்கள். தாயும் பிள்ளையும் தாண்டிப் போனதும் மறுபடி குண்டு வெடிக்கிறது, சண்டை தொடர்கிறது. எல்லோரும் அந்த அமைதியைத்தான் பேசுகிறார்கள். எனக்கு முக்கியம், சண்டை திரும்பத் தொடங்குவதுதான். ஒரே அழுகையில் அத்தனை பேரும் திருந்திவிட்டதாகக் காட்டியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். துப்பாக்கியை இறக்கியவர்களேதான் திரும்பவும் தூக்குகிறார்கள். ஆனாலும் இறக்கினார்களே, அதற்குள் ஒரு பிள்ளை பிழைத்துவிட்டதே. எனக்கு அது போதும்.

ஏற்காட்டிலிருந்து:

எஸ்டேட் பிள்ளைகளுக்கு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி 'வால்-ஈ' (2008) போட்டோம். வசனம் குறைவு, அதனால் மொழி தெரியாதது குறையாகவே இல்லை. மனிதர்கள் 700 ஆண்டுகளாக விண்கப்பலில் உட்கார்ந்தே வாழ்கிறார்கள். குப்பைக்காடாகிப்போன பூமியில், பழைய ஷூ ஒன்றில் ஒரு செடி. கடைசியில் கேப்டன் குழந்தைகளைக் கூட்டி வைத்து அதை நடும்போது, காப்பி நாற்றங்காலில் அம்மாவோடு வளர்ந்த ஒரு சின்னப் பெண் எழுந்து கத்தினாள்: "வெயில்ல வெக்காதீங்க, கருகிடும்! நெழலு வேணும்!" பக்கத்துப் பையன், "தினம் தண்ணி யாரு ஊத்துவா?" என்றான். படம் முடிந்து வெகுநேரம் இதே பேச்சுதான். செடி பிழைக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை, எப்படிப் பிழைக்க வைப்பது என்றுதான் பேசினார்கள்.

கன்னங்குறிச்சியிலிருந்து:

ஏற்காடு சாலையில், சேலத்தின் பழைய சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவைத் தாண்டும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். 1952-லேயே அமெரிக்கர்களோடு சேர்ந்து, கம்பளி யானைகள் வரும் 'காடு' படத்தை எடுத்தவர்கள் நம்மூர்க்காரர்கள். சரி, கேள்விக்கு வருகிறேன்.

என் காட்சி 'பிளேடு ரன்னர்' (1982). ராய், மனிதர்கள் செயற்கையாக உருவாக்கிய ஒருவன். அவனுக்கு ஆயுளே 4 ஆண்டுகள்தான், அதுவும் முடியப்போகிறது. தன்னைக் கொல்ல வந்த டெக்கார்ட் மாடி விளிம்பிலிருந்து கை நழுவி விழும்போது, எட்டிப் பிடித்து மேலே தூக்கிவிடுகிறான். மனிதனாகப் பிறக்காதவன் செய்தது அது. அஸ்தம்பட்டி நண்பரே, அத்தைக்கு இதையும் போட்டுக் காட்டுங்கள். என்ன சொன்னார் என்று கட்டாயம் எழுதுங்கள்.