அப்பா எடுக்கற உதவித்தொகையை இனிமே நானே எடுக்கணும், அவசரம்

மக்கன்பேடா
வணக்கம். மாற்றுத்திறனாளி பணம் அப்பா கைக்குப் போகுது. இனிமே நானே எடுக்கணும். பேங்க்ல "அப்பாவைக் கூட்டிட்டு வா"ன்றாங்க. வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் போனா இங்க இல்லன்னுட்டாங்க. இன்னா பண்றது? சீக்கிரம் சொல்லுங்க.

பாலாறு_மணல்
எந்தப் பணம்? மாசம் 1500னா வருவாய்த் துறை. தாலுகா ஆபீஸ்ல சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தாரைப் பாக்கணும். 2000னா பராமரிப்பு உதவித்தொகை, அது மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர். ரெண்டும் வேற வேற கோப்பு. வயசு, ஊரு, பாஸ்புக் யார் பேர்ல, எதுவுமே சொல்லலியே?

காட்பாடி_ஜங்ஷன்
இதுக்கு எந்த ஆபீசும் போக வேணாம். எல்லாம் ஆதார் மேப்பிங். கடைசியா எந்தக் கணக்குல ஆதார் சீடிங் (ஆதாரைக் கணக்கோட இணைக்கறது) ஆச்சோ அங்கதான் பணம் விழும். புதுக் கணக்கு தொறந்து சீடிங் ஃபாரம் குடுத்தா வேலை முடிஞ்சுது.

கோட்டை_அகழி
இதே கேள்விக்குப் பத்து தடவை பதில் போட்டாச்சு. தேடிப் பாக்கற பழக்கமே யாருக்கும் இல்ல. கார்டியன் சர்டிபிகேட்டை (காப்பாளர் நியமனச் சான்று) ரத்து பண்ணாம ஒண்ணும் நடக்காது. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999, பிரிவு 17. படிச்சிட்டு வந்து கேளுங்க.

பாலாறு_மணல்
அகழி சார், சர்டிபிகேட் இருக்குதான்னே அவங்க இன்னும் சொல்லல. அதுக்குள்ள ரத்தா?

மக்கன்பேடா
சாரி. வயசு 20. ஆற்காடு. 2000 வருது. மூளை முடக்குவாதம், 80 சதவீதம். பாஸ்புக்ல என் பேரு, அதுக்குக் கீழ அப்பா பேரு. ஏடிஎம் கார்டு அவர்கிட்ட. கை ஆடும், கையெழுத்து ஒரு தடவை மாதிரி இன்னொரு தடவை வராது. சர்டிபிகேட்னா இன்னான்னு வீட்ல யாருக்கும் தெரியல.

வாலாஜா_சந்தை
ஆற்காடுன்னா 2019லயே ராணிப்பேட்டை மாவட்டம் ஆயிடுச்சு. உங்க கோப்பு ராணிப்பேட்டை கலெக்டர் ஆபீஸ்ல இருக்கும். பழைய அடையாள அட்டைப் புத்தகத்துல வேலூர்னு அச்சடிச்சிருக்கறதைப் பாத்துட்டு நிறைய பேர் சத்துவாச்சாரிக்கு அலையறாங்க.

சேண்பாக்கம்
இப்பதான் விஷயம் முழுசா தெரியுது. பாஸ்புக் முதல் பக்கத்துல அப்பா பேருக்கு முன்னாடி "யு/ஜி"ன்னு ரெண்டு எழுத்து (அண்டர் கார்டியன், காப்பாளர் பொறுப்புல) இருக்கான்னு பாருங்க. இருந்தா அது மைனர் கணக்கு. 18 முடிஞ்சதோட அப்பா கையெழுத்துக்கு அதுல அதிகாரம் போச்சு. யாரும் போய்ச் சொல்லாததால கார்டு ஓடிக்கிட்டிருக்கும், அவ்வளவுதான். கவுண்ட்டர்ல "மைனர் டு மேஜர்"னு கேளுங்க. ஆதார், போட்டோ, பான் கார்டு இல்லன்னா அதுக்குப் பதிலான உறுதிமொழி ஃபாரம். அப்பா வந்து நிக்கத் தேவையில்ல.

ஜங்ஷன் சொல்றபடி புதுக் கணக்கு தொறக்காதீங்க. மேஜரா மாத்தினா பெரும்பாலும் கணக்கு எண் அதேதான் இருக்கும், அதனால வர்ற பணத்துக்கு இடைஞ்சல் இல்ல. ஆபீஸ் கணக்கு எண்ணுக்கு அனுப்பறதா இருந்தா, ஆதாரை எங்க சீடிங் பண்ணாலும் பணம் பழைய கணக்குக்குத்தான் போகும். புதுசுதான் வேணும்னா பாஸ்புக் நகல், யுடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) நகலோட நல அலுவலருக்கு மனு குடுங்க, ரசீது வாங்குங்க. புதுசுல முதல் வரவு விழற வரைக்கும் பழசை மூடவே கூடாது. மூடினா பணம் திரும்பிப் போகும். நிறுத்தினதை மறுபடி ஓட வெக்கறது பெரிய தலைவலி.

"யு/ஜி" இல்லாம ரெண்டு பேரும் இருந்தா ஜாயிண்ட். அதுல ஒரு பேரை எடுக்க ரெண்டு கையெழுத்தும் வேணும். அப்ப மட்டும் தனியா ஜீரோ பேலன்ஸ் கணக்கு.

பாலாறு_மணல்
கையெழுத்துக்கு: மாதிரிக் கையெழுத்து போடவே போடாதீங்க, அப்புறம் ஒவ்வொரு தடவையும் "ஒத்து வரல"ன்னு திருப்பி அனுப்புவாங்க. கைரேகை வைங்க. கையெழுத்து போட முடியாதவங்க ரேகைக்கு ரெண்டு சாட்சி, அதுல ஒருத்தர் பேங்க் அலுவலரா இருக்கணும். இது ரிசர்வ் வங்கி விதி. கால் விரல் ரேகை கூட செல்லும். ஒரே தொல்லை, ரேகைக் கணக்குன்னா சில கிளையில ஏடிஎம் கார்டு தர இழுப்பாங்க. முன்னாடியே கேட்டுக்கோங்க.

போன் நம்பரை மறந்துடாதீங்க. ஆதார், பேங்க், யுடிஐடி மூணுலயும் அப்பா நம்பர் இருந்தா ஓடிபி எல்லாம் அவருக்குத்தான் போகும். ஆதார்ல முதல்ல மாத்துங்க. 15 வயசுல எடுக்க வேண்டிய ரேகைப் புதுப்பிப்பு ஆச்சான்னும் பாருங்க. ஆகலன்னா ஊர்ல பேங்க் ஏஜென்ட் கருவியில விரல் வெச்சா ஏத்துக்காது.

கோட்டை_அகழி
எல்லாரும் பேங்க் பக்கமே பேசறீங்க. மூளை முடக்குவாதம் 1999 சட்டத்துக்குள்ள வருது. கலெக்டர் தலைமையில இருக்கற உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிச்சிருந்தா?

சேண்பாக்கம்
நியமிச்சிருந்தா தானே? யாராவது விண்ணப்பம் போட்டாதான் காப்பாளர். தானா ஒட்டிக்காது. அப்படியே இருந்தாலும் நீங்க சொன்ன பிரிவு 17ல மனு போடக்கூடியவங்க பெற்றோர், உறவினர், பதிவு பெற்ற அமைப்பு. இவங்க நேரா போட அதுல வழியில்ல. அதுக்கும் காப்பாளர் கொடுமை, புறக்கணிப்பு, கையாடல்னு காரணம் காட்டணும். பிரிவு 16படி காப்பாளர் வருஷா வருஷம் கணக்கு குடுக்கணும். அதையும் படிச்சீங்களா சார்?

கோட்டை_அகழி
பெத்த அப்பாவையே கணக்கு கேக்கச் சொல்றீங்க. நல்லாருக்கு.

பாலாறு_மணல்
யாரும் திருட்டுப் பட்டம் கட்டல. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிரிவு 13, உதவி ஏற்பாட்டை அவங்களே மாத்திக்கலாம், வேணாம்னும் சொல்லலாம்னு இருக்கு. காரணம் சொல்லணும்னு அதுல இல்ல.

வாலாஜா_சந்தை
இன்னொண்ணு, ஆற்காட்ல இருந்து மனு எழுதறப்ப "வேலூர் மாவட்டம்"னு போடாதீங்க.

காட்பாடி_ஜங்ஷன்
எழுதினா இன்னா? இத்தனை வருஷமா எழுதினது. 1989ல திருவண்ணாமலை போச்சு, 2019ல ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் போச்சு. நாளைக்கு காட்பாடியும் தனி மாவட்டம்.

வாலாஜா_சந்தை
உங்க ஜங்ஷன்ல ரயில் நிக்குது, அது போதும் உங்களுக்கு.

சேண்பாக்கம்
மக்கன்பேடா, கிளை மேனேஜர் மறுபடி "அப்பா வரணும்"னு சொன்னா எந்த விதின்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. எழுதறப்பவே குரல் மாறிடும். மாறலன்னா பேங்க்குக்கே எழுத்துல புகார், 30 நாள்ல சரியாகலன்னா ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர். நேர்ல போக முடியலன்னா, மாற்றுத்திறனாளிகளுக்கு வீட்டு வாசல் சேவை உண்டு, அதைக் கேளுங்க.

மக்கன்பேடா
யு/ஜி இருக்கு. ஃபாரம் குடுத்துட்டேன், ரேகை வாங்கிக்கிட்டாங்க. பழைய கார்டை நிறுத்தச் சொன்னேன். நம்பர் அதேதான். அப்பா ஒண்ணும் சொல்லல. நன்றி.

பாலாறு_மணல்
ஏடிஎம் கார்டு தர்றாங்களா? அடுத்த வரவு விழுந்ததும் ஒரு வரி போடுங்க.

லாங்கு_பஜார்
எனக்கும் இதே பிரச்சினைதான், பணம் மாமா கணக்குக்குப் போகுது. இன்னா பண்றது?

கோட்டை_அகழி
வயசு, ஊரு, தொகை. மேல படிச்சிட்டு தனி இழை போடுங்க.