இதய வால்வு பிரச்சினைக்கு நெஞ்சைப் பிளக்காம வைத்தியம் பண்ணிக்கிட்டவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

நெல்லிக்குப்பத்திலிருந்து:
எங்க அக்கா கதைய நானே ஆரம்பிக்கறேன். ரெண்டாவது குழந்தை வயித்துல இருந்தப்ப மாடி ஏற முடியல, ராத்திரி படுத்தா மூச்சு முட்டுது, எழுந்து உக்காந்தாதான் கொஞ்சம் தேவலாம். மாசமா இருந்தா அப்படித்தான்னு ஊரே சொல்லிச்சு. கடலூர்ல ஒரு டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப் வச்ச உடனே எக்கோ, அதான் இதயத்துக்கு எடுக்கற ஸ்கேன், எடுக்கச் சொன்னாங்க, பாத்தா இதயத்தோட இடது பக்க மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவுல கதவு மாதிரி இருக்கற மைட்ரல் வால்வு சுருங்கிக் கெடக்கு. நல்ல வால்வு 4லேருந்து 6 சதுர சென்டிமீட்டர் தெறக்கணுமாம், அக்காவுக்கு 1 கூட இல்ல. சின்ன வயசுல தொண்டை வலி வந்து அப்புறம் முட்டி, கணுக்கால்னு மாறி மாறி வீங்கிச்சே, அந்த ருமாட்டிக் காய்ச்சல்தான் இவ்ளோ வருஷம் கழிச்சு வால்வு இதழ ஒட்ட வச்சிருக்கு.

புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பலூன் வச்சு வால்வ விரிச்சிடலாம்னாங்க. மொதல்ல தொண்டை வழியா ட்யூப் விட்டு இதயத்துக்குள்ள ரத்தக்கட்டி இருக்கான்னு பாத்தாங்க, கட்டி இருந்தா பலூன் வைக்க மாட்டாங்க, அது மூளைக்குப் போயிடும். அப்புறம் தொடை மடிப்புல ஊசி குத்தி ரத்தக்குழாய் வழியாவே மேல போயி, இதயத்தோட மேல் அறை ரெண்டுக்கும் நடுவுல இருக்கற சுவத்துல சின்னதா துளை போட்டு, வால்வுக்குள்ள பலூன ஊதி விரிச்சாங்க. வயித்துக்கு எக்ஸ்ரே படாம கவசம் போட்டாங்க, அக்கா முழிச்சிட்டேதான் இருந்தா. இனோவேன்னு ஒரு ஜப்பான் டாக்டர் 1984லயே இத எழுதிட்டாராம். அன்னிக்கு ராத்திரியே அக்கா மல்லாக்கப் படுத்துத் தூங்கினா, அம்மா பக்கத்துல உக்காந்து அழுதுட்டே இருந்தாங்க. குழந்தையும் நல்லபடியா பொறந்துது.

அரியாங்குப்பத்திலிருந்து:
தம்பி, உங்க அக்கா நல்லா இருக்கட்டும். ஆனா பலூன் எல்லாருக்கும் ஆகாதுப்பா. எங்க வீட்டுக்காரருக்கு வால்வுல சுண்ணாம்பு படிஞ்சு கெட்டியாயிடுச்சு, கசிவும் அதிகம், அதனால மாத்தியே ஆகணும்னு சொல்லிட்டாங்க. சென்னையில வலது மார்புக்குக் கீழ விலா எலும்பு சந்துல சின்னதா கீறிப் பண்ணாங்க, நடு எலும்ப அறுக்கல. சின்னக் கீறல்னா சின்ன ஆபரேஷன்னு சொந்தக்காரங்க எல்லாம் ஈசியா பேசினாங்க, அது அப்படி இல்ல, உள்ள இதயத்த நிறுத்திட்டுத்தான் பண்றாங்க, தொடை வழியா, இதயம் நுரையீரல் வேலையப் பாக்கற மெஷின்ல இணைச்சு. எலும்பு ஒட்டற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்கறதுதான் வித்தியாசம், சீக்கிரமே நடமாடிட்டார்.

வச்சது உலோக வால்வு, அமைதியான எடத்துல டிக் டிக்னு கேக்கும். வால்வுல ரத்தம் உறையாம இருக்க ஆயுசுக்கும் அசிட்ரோம் மாத்திரை, ரத்தம் எவ்ளோ நேரத்துல உறையுதுன்னு பாக்கற ஐஎன்ஆர் டெஸ்ட். கீரை அந்த மாத்திரையோட வேகத்தக் கொறைக்கும், அதுக்காக கீரைய நிறுத்த வேண்டாம், ஒரே அளவா சாப்டணும்னாங்க. இவர் கடலுக்குப் போறவரு, தூண்டில் முள்ளு கிழிச்சா ரத்தம் நிக்க ரொம்ப நேரமாகுது, அத நெனச்சாதான் எனக்கு பயம். பல் புடுங்கப் போனாலும் மொதல்ல வால்வு வச்சிருக்குன்னு சொல்லிடுங்க.

மஞ்சக்குப்பத்திலிருந்து:
எங்க மாமனாருக்கு அயோட்டிக் வால்வுல, அதான் இதயத்துலேருந்து உடம்புக்கு ரத்தம் போற வாசல்ல இருக்கற வால்வுல கோளாறு, வயசு 80 தாண்டிடுச்சு, நடந்தா மயக்கம். டாவிங்கற வைத்தியம் பண்ணினோம், தொடை வழியாவே புது வால்வ மடிச்சுக் கொண்டு போயி பழசுக்குள்ளயே விரிச்சுடறாங்க. 2002ல பிரான்ஸ்ல கிரிபியேங்கற டாக்டர் மொதல்ல பண்ணினது. வால்வோட விலைதான் ஆள அடிக்குது, நாங்க நிலத்த அடமானம் வச்சோம்.

நெல்லிக்குப்பத்திலிருந்து:
அரியாங்குப்பத்து அக்கா, பலூன் எல்லாருக்கும் ஆகாதுன்னு நீங்க சொன்னது ரொம்ப சரி, எக்கோவுல வால்வு எப்படி இருக்குங்கறதுதான் முடிவு பண்ணுது, நம்ம விருப்பம் இல்ல. இன்னொன்னும் சொல்லணும். பலூன் வச்சாச்சே, இனி எதுக்குன்னு ருமாட்டிக் காய்ச்சல் திரும்ப வராம இருக்கப் போடற பென்சிலின் ஊசிய விட்டுடறாங்க பல பேரு, அந்தக் காய்ச்சல் திரும்ப வந்தா வால்வு இன்னும் கெடும். எங்க அக்காவுக்கு மூணு வாரத்துக்கு ஒரு ஊசி, இடுப்புல போட்டா அன்னிக்கெல்லாம் கடுக்கும், ஆனா கல்யாணம் காட்சின்னாலும் தள்ளிப் போடறதில்ல. எத்தனை வயசு வரைக்கும்னு டாக்டர்தான் சொல்லணும், நீங்களா நிறுத்திடாதீங்க. பண்ருட்டிப் பக்கம் யாருக்காவது ஊசி கிடைக்கலன்னா இங்க எழுதுங்க, நாங்க எங்க வாங்கறோம்னு சொல்றேன்.